டிவிஆரா, என்விஆரா, வைஃபை கேமராவா? கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்துக்கு எதைப் போடலாம்

சிசிடிவி போடலாம் என்று முடிவானதும் பேச்சு நேராகக் கேமராவுக்குப் போய்விடும். எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலரில் தெரியுமா, ஆள் நடமாட்டம் இருந்தால் போனுக்குத் தகவல் வருமா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பதிவு செய்யும் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. கொட்டேஷனில் "4 சேனல் டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் திருட்டு நடந்த மறுநாள் காலையில் மெகாபிக்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்டி இருக்கிறதா, திருடனே தூக்கிக்கொண்டு போய்விட்டானா? அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததா? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? இதெல்லாம் அப்போதுதான் தேடப்படும். அதனால் இந்த ஒப்பீட்டைக் கேமராப் பக்கமிருந்து தொடங்காமல் பெட்டிப் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். நம் ஊர்களில் எங்கும் பார்க்கக்கூடிய ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே மளிகைக் கடை, மேலே வீடு, பின்பக்கம் 40 மீட்டர் தள்ளி ஒரு குடோன். கல்லா, ஷட்டர் வாசல், மாடிப்படி, குடோன் என்று நான்கு கேமராக்கள் வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பழகிய டிவிஆர். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு 3+1 கேபிள் பெட்டிவரை வரும். அதிலுள்ள கோஆக்சியல் வயரில் படம் வரும், மற்ற வயர்களில் 12 வோல்ட் மின்சாரம் போகும். இரண்டாவது, என்விஆர். இதுவும் பதிவுப் பெட்டிதான், ஆனால் கேமராக்கள் ஐபி கேமராக்கள், அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புபவை. கேட் 6 கேபிள் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் போகும், அதைத்தான் பிஓஇ என்கிறார்கள். மூன்றாவது, வைஃபை கேமரா. பெட்டியே கிடையாது. கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும், அல்லது மாதச் சந்தா கட்டினால் கம்பெனியின் கிளவுடில் பதிவாகும்.

விலையில் டிவிஆர் செட் மலிவு, பிஓஇ செட் கூடுதல். வைஃபை கேமரா ஒன்று இரண்டு என்றால் எல்லாவற்றையும் விட மலிவு. நான்கு, ஐந்து என்று போய்ச் சந்தாவும் சேர்ந்தால் அந்த மலிவு காணாமல் போகும். விலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் காட்டும் விலை வித்தியாசத்தை விட, கீழே சொல்லப்போகும் வித்தியாசங்கள் பெரியவை.

மின்சாரம்

டிவிஆர் அமைப்பில் பிரச்சினை வந்தால் பத்துக்கு ஏழெட்டு முறை காரணம் மின்சாரம்தான் என்பார் அனுபவமுள்ள எந்த டெக்னீஷியனும். பகலில் குடோன் கேமரா நன்றாகத் தெரியும். இருட்டியதும் படம் வந்து வந்து போகும், விடிந்ததும் சரியாகிவிடும். "கேமரா போச்சு தம்பி, வேற மாத்திக் குடு" என்பார் கடை அண்ணாச்சி. கேமராவில் ஒரு கோளாறும் இருக்காது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கேபிளில் 40 மீட்டர் போய்ச் சேரும்போது அந்த 12 வோல்ட் 9, 10 என்று இறங்கிவிடும். கேமரா அணைந்து மறுபடி உயிர்பெறும். விளக்கு எரிந்தால் மறுபடி அணையும்.

இதற்கு ஒரு குறுக்கு வைத்தியம் உண்டு. கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஓரத்தில் வோல்டேஜைக் கூட்டக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகி 14 வோல்ட் வரை ஏற்றிவிட்டால் குடோன் கேமரா சரியாகிவிடும். ஆனால் கல்லா கேமரா பெட்டியிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கிறது. அதற்கும் 14 வோல்ட் போகும், சில மாதத்தில் அது கருகவும் கூடும். சரியான வழி, குடோன் கேமராவுக்கு அங்கேயே தனி அடாப்டர் வைப்பது, அல்லது தடித்த செப்புக் கேபிள் இழுப்பது.

பிஓஇ-யில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே கேபிளில் போவது ஏறக்குறைய 48 வோல்ட். அதே 6 வாட்டுக்கு 0.125 ஆம்பியர் போதும், வழியில் இழப்பு மிகக் குறைவு. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலைப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். கேபிள் நீளம் 100 மீட்டர் வரை போகலாம். இன்னொரு நல்ல விஷயம், மறுமுனையில் இருப்பது பிஓஇ கருவிதானா என்று கேட்டுப் பார்த்த பிறகே பிஓஇ ஸ்விட்ச் மின்சாரத்தை விடும். மலிவாகக் கிடைக்கும் 'பேஸிவ்' வகை ஸ்விட்சுகள் அப்படிக் கேட்காது, எது மாட்டியிருந்தாலும் மின்சாரத்தை அனுப்பிவிடும். பழைய லேப்டாப்பைத் தவறிப்போய் அதில் சொருகினால் அதன் கதை முடிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேட் 6 கேபிளும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பிஓஇ-க்கு அது ஆகாது. முழுச் செம்பு என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து எர்த். டிவிஆரோடு வரும் எஸ்எம்பிஎஸ் ஒரு தகரப் பெட்டி. உள்ளே எல், என், எர்த் குறி என்று மூன்று ஸ்க்ரூ இருக்கும். பல இடங்களில் முதல் இரண்டில் மட்டும் வயர் மாட்டி, எர்த்தை அப்படியே விட்டிருப்பார்கள். எல்லாம் ஓடும், படம் தெரியும். ஆனால் ஏணியில் நின்று கோஆக்சியல் வயரின் முனையிலுள்ள பிஎன்சி கனெக்டரைத் தொட்டால் சுர்ரென்று ஒரு கடி கடிக்கும். எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கசியும் மின்சாரம் அது. உயிரை எடுக்கிற அளவு இல்லை என்றாலும், பத்தடி ஏணியில் நிற்பவர் கையை உதறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று பின் பிளக், எர்த் வயர், அந்த லைனுக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே அணைக்கும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இந்த மூன்றையும் எந்த அமைப்புக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 230 வோல்ட் வயரையும் கேமராக் கேபிளையும் ஒரே பைப்பில் இழுப்பதும் கூடாது. சுவரில் இன்னொரு துளை போட அலுப்புப்பட்டு அப்படிச் செய்துவிடுகிறார்கள். அப்புறம் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது என்று போன் வரும்.

மழைக்காலத்தில் இடி ஒரு தனி அத்தியாயம். ஐப்பசியில் ஒரு ராத்திரி பக்கத்தில் எங்கோ இடி இறங்கும். காலையில் டிவிஆரில் இரண்டு சேனல் செத்திருக்கும், சில சமயம் போர்டே போயிருக்கும். கேமராமேல் இடி விழ வேண்டியதில்லை. மொட்டை மாடியிலிருந்தும் குடோனிலிருந்தும் வரும் நீளமான கோஆக்சியல் வயரே அந்த அதிர்வை வாங்கிப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டு கட்டடத்திலும் எர்த் வேறு வேறாக இருந்தால் சாதாரண நாளிலேயே படத்தில் பட்டை ஓடும். ஐபி அமைப்பில் நெட்வொர்க் போர்ட்டுக்குள்ளேயே 1500 வோல்ட் வரை தாங்கும் ஒரு பிரிப்பு இருப்பதால் எர்த் வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும். இடியை அதுவும் முழுசாகத் தாங்காது. குடோன் தனிக் கட்டடமாக இருந்து கேபிள் வெட்டவெளியில் போவதாக இருந்தால் என் ஓட்டு ஃபைபருக்கு. இரண்டு முனையிலும் சிக்னலை ஒளியாக மாற்றும் ஒரு மீடியா கன்வர்ட்டர், நடுவில் கண்ணாடி இழை. கேபிளில் உலோகக் கம்பி எதுவும் இல்லாத வகையாக வாங்கினால் மின்சாரம் கடந்துவர வழியே இல்லை. இது ஐபி கேமராவுக்கு எளிது, டிவிஆருக்குச் சுற்றுவேலை.

வைஃபை கேமராவுக்கு இந்தக் கவலைகள் குறைவு. அதற்கு வேறு கவலை இருக்கிறது. வயர் இல்லாத கேமரா என்று விற்றாலும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். மழை படும் வாசலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆணியில் தொங்கவிட்டு அடாப்டர் சொருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வழிகளிலும் ஆபத்தான காட்சி அதுதான்.

கரண்ட் போனால்?

நம் கட்டடங்களில் மீட்டர் பெட்டி வாசலிலோ மாடிப்படிக்குக் கீழோ இருக்கும். விவரம் தெரிந்த திருடன் முதலில் ஃப்யூஸைப் பிடுங்குவான். ஆகவே யுபிஎஸ் என்பது மின்வெட்டுக்காக மட்டும் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிவிஆருக்கு 15 வாட், நான்கு கேமராவுக்கு 24, ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் 12 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 50 வாட். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-ஹவர், கையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. மேல் வீட்டில் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் அதிலிருந்து ஒரு லைனை இறக்கிவிடுங்கள், ராத்திரி முழுக்க ஓடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகும், அது மறுபடி எழுந்து பதிவைத் தொடங்குவதற்குள் ஒரு நிமிடம் காலி. ஹார்ட் டிஸ்குக்கும் இது நல்லதல்ல.

இங்கேயும் பிஓஇ-க்குத்தான் மதிப்பெண். என்விஆருக்கும் ஸ்விட்சுக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்தால் அவற்றோடு செப்புக் கேபிளில் இணைந்த எல்லாக் கேமராவும் தானாகப் பிழைத்துக்கொள்ளும். டிவிஆரில் எஸ்எம்பிஎஸ் ஒரே இடத்தில் இருந்தால் அதே வசதி உண்டு. குடோனில் தனி அடாப்டர் வைத்த கேமரா மட்டும் அணைந்துவிடும். வைஃபையில் ஒவ்வொரு பிளக் பாயிண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்க்க வேண்டும்.

பெட்டி இருக்கும் இடமும் பதிவின் அளவும்

டிவிஆரைக் கல்லா மேஜைக்குக் கீழே, டிவிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். கேபிள் குறையும், மானிட்டர் பக்கத்திலேயே இருக்கும். திருடனுக்கும் அதே வசதி. போகும்போது ஹார்ட் டிஸ்கையும் எடுத்துச் சென்றுவிட்டனர் என்று நாளிதழில் வாசிக்காத வாரம் உண்டா? பெட்டி மேல் வீட்டில் இருக்கட்டும், சுவரில் அடித்த பூட்டுப் போடும் சின்ன ரேக்கில், காற்றோட்டத்தோடு. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் பத்திரம் என்று நினைக்கலாம், ஆனால் சூட்டில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போய்விடும். அடுப்படிப் பக்கமும் வேண்டாம், எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து ஃபேனை அடைத்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் துளைகளுக்குள் பல்லி நுழைந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் சாதாரணம். அதற்கு நுண்ணிய கம்பி வலை ஒட்டினால் போதும், துளையை டேப் போட்டு அடைக்கக் கூடாது.

எவ்வளவு நாள் பதிவு இருக்கும்? 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, படத்தைச் சுருக்கும் பழைய எச்.264 முறையில் நொடிக்கு 4 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. எச்.265-க்கு மாற்றி 2 மெகாபிட்டில் வைத்தால் பதினோரு நாள். மளிகைக் கடையில் சரக்குக் குறைவது மாதக் கடைசி இருப்புக் கணக்கில்தான் தெரியவரும். ஆகவே 30 நாளாவது வேண்டும், அதற்கு 4 டிபி போட்டுவிடுவது நிம்மதி. டிஸ்க் கம்ப்யூட்டருக்கானதாக இல்லாமல் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இரவு பகல் நிறுத்தாமல் எழுதுவதற்காகவே செய்யப்படுபவை. டிஸ்க் பழுதானால் பெட்டி பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தம் தாங்காமல் மெனுவில் பஸ்ஸரை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் எத்தனையோ பேர். நேரலை படம் டிவியில் ஓடிக்கொண்டேயிருக்கும், பதிவு மட்டும் இருக்காது.

செட்டிங் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கில், நிலையத்தின் ஹார்ட் டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்ததாக விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். கடைவீதிக் கேமராப் பதிவோ முதல் தகவல் அறிக்கை சொன்னதற்கு மாறான காட்சியைக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களில் 18 மாதப் பதிவைச் சேமிக்க வேண்டும், அதற்கு வழியில்லாத கருவி என்றால் குறைந்தது ஓராண்டுப் பதிவாவது வேண்டும் என்று உத்தரவிட்டது.

உங்கள் பெட்டியில் கவனிக்க வேண்டியவை: பழையதன் மேல் எழுதும் சுழற்சிப் பதிவு ஆனில் இருக்கிறதா, 'இத்தனை நாளில் அழி' என்ற இடத்தில் யாராவது எண் கொடுத்திருக்கிறார்களா, நேரம் சரியா. சில பெட்டிகள் பெய்ஜிங் நேரத்தோடு வரும், நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு பத்தரை மணித் திருட்டு மறுநாள் தேதியில் ஒரு மணி என்று பதிவாகியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். டைம் ஜோனைச் சரிசெய்து, இணையத்திலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள்.

வைஃபை கேமராவில் பதிவு கேமராவுக்குள்ளேயே இருப்பதால் கேமராவைப் பிடுங்கினால் சாட்சியும் போகும். கிளவுட் இருந்தால் பிழைக்கலாம், இணையம் இருக்கும்வரை. வைஃபை சிக்னலைக் குலைக்கும் கருவியும் வைத்திருப்பவர்கள் உண்டு.

போனில் பார்ப்பது எப்படி

டிவிஆர், என்விஆர் எதுவாக இருந்தாலும் வெளியூரிலிருந்து பார்க்க மூன்று முறைகள் இருக்கின்றன. கருவியைத் தேர்ந்தெடுப்பதை விட இந்தத் தேர்வில்தான் அதிக ஆபத்து ஒளிந்திருக்கிறது.

வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்துவிடுவது பழைய முறை. வேண்டவே வேண்டாம். திறந்த போர்ட்டைத் தேடி உலகமெங்கும் நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப்போட்டது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் திணறின. பாஸ்வேர்டு நல்லதாக இருந்தாலும் போதாது. 2021 செப்டம்பரில் வெளியான ஹிக்விஷன் ஓட்டை ஒன்றில் பாஸ்வேர்டே இல்லாமல் கருவிக்குள் கட்டளை ஓட்ட முடிந்தது. ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். இப்போது பிராட்பேண்ட் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் போர்ட் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. அது ஒரு வகையில் நல்லதுதான். ரவுட்டரிலும் பெட்டியிலும் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும். நீங்கள் திறக்காவிட்டாலும் அது தானே போர்ட்டைத் திறந்துவிடும், அதையும் அணைத்துவிடுங்கள்.

கம்பெனி ஆப் வழியாகப் பார்ப்பது இரண்டாவது. பெட்டியிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் முடிந்தது. எளிது, போர்ட் திறக்க வேண்டாம். பதிலுக்கு ஒரு கம்பெனியின் சர்வரை நம்புகிறீர்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா நிறுவனத்தின் ஒரே ஒரு உயர்நிலைக் கணக்கு வெளியாட்கள் கையில் சிக்கியதில் மருத்துவமனை, சிறை, தொழிற்சாலை என்று சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்களின் காட்சிகள் திறந்துகிடந்தன.

இணையத்துக்குள்ளேயே உங்களுக்கு மட்டும் ஒரு பூட்டிய தனி வழி போடும் விபிஎன் மூன்றாவது, மூன்றிலும் பாதுகாப்பானது. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்குள் இருப்பதுபோலவே பார்க்கலாம். ஆனால் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கருவியும், அதைப் பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள். இல்லையென்றால் ஆப் போதும், ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேமரா மாட்டியதும் டெக்னீஷியன் என்ன செய்வார்? தன் போனில் ஆப்பைத் திறந்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தன் கணக்கில் பெட்டியைச் சேர்த்து, அங்கிருந்து உங்களுக்குப் 'பகிர்ந்து' தருவார். உங்களுக்குப் படம் வரும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் பெட்டியின் உரிமையாளர் அவர்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் போன் தொலைந்தாலோ, அந்த வேலையை விட்டுப் போனாலோ உங்கள் மாடிப்படிக் காட்சி யார் கையில் இருக்கும்? ஆப்பின் டிவைஸ் செட்டிங்கில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். 'பகிரப்பட்டது' என்று இருந்தால் அவரை எதிரில் உட்காரவைத்து அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் போனில் புதிதாகச் சேருங்கள். பாஸ்வேர்டும் அப்படித்தான். admin என்பதற்குப் பின்னால் 123 சேர்த்து ஊரிலுள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்டை நீங்களே தட்டி, காகிதத்தில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். கடைப் பையனுக்குப் பார்க்க மட்டும் முடிகிற ஒரு தனிப் பயனர் கணக்கு போதும். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கான மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விற்பனைச் சரக்காக வந்தன. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்பது முதல் கேள்வி. கடையில் வேலை செய்யும் பெண்கள் உடை மாற்றும் இடத்திலும், கழிப்பறைப் பக்கமும், அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கியும் கேமரா கூடவே கூடாது. அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பக்கத்து வீட்டுப் பகுதி தவிர்க்க முடியாமல் தெரிந்தால் பெட்டியிலேயே அந்த இடத்தைக் கறுப்பாக்கும் வசதி இருக்கிறது.

பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் சேர வேண்டும். டிவியில் ஓடும் படத்தைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தகவலாகப் பயன்படுமே தவிர, சாட்சியமாக நிற்பது கஷ்டம். பெட்டியிலிருந்து பென் டிரைவில் நேரடியாக எடுங்கள், சுழற்சியில் அழிவதற்கு முன்பே.

சரி, எதைப் போடலாம்?

புதிதாகக் கட்டுகிற, அல்லது வயரிங்கை மாற்றுகிற கட்டடம் என்றால் பிஓஇ என்விஆர். யோசிக்க வேண்டியதில்லை. பெட்டியிலேயே பிஓஇ போர்ட் உள்ள என்விஆராக வாங்கினால் இன்னொரு லாபம்: அந்த வகைகளில் பெரும்பாலும் கேமராக்கள் பெட்டிக்குப் பின்னால் தனி வலையில் இருக்கும், வீட்டு வைஃபையிலிருந்து நேராகத் தொட முடியாது. வெளியே தொங்கும் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பை மாட்டினாலும் வீட்டுக் கணினிவரை வருவது எளிதல்ல.

ஏற்கெனவே 3+1 கேபிள் நல்ல நிலையில் ஓடியிருக்கிறது, கேமராவும் எட்டுக்குள்தான் என்றால் டிவிஆரே போதும். எச்.265 உள்ள புதுப் பெட்டி, 4 டிபி டிஸ்க், எர்த், இன்வெர்ட்டர் லைன் இவற்றில் பணத்தைப் போடுங்கள். மளிகைக் கடைக் கல்லாவுக்கு 2 மெகாபிக்சல் தாராளம். கேமராவை எட்டடி உயரத்தில் முகம் தெரியும்படி வைப்பதுதான் முக்கியம்.

நாம் எடுத்துக்கொண்ட கட்டடத்தில் கேபிள் இன்னும் இழுக்கவில்லை, குடோன் 40 மீட்டர் தள்ளி வெட்டவெளி. அதற்கு என் தேர்வு 4 போர்ட் பிஓஇ என்விஆர், மேல் வீட்டில் ரேக், குடோனுக்கு ஃபைபர். ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதால் குடோன் கேமராவுக்கும் கன்வர்ட்டருக்கும் அங்கேயே மின்சாரமும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வேண்டும். ஃபைபர் செலவு கட்டுப்படி ஆகாவிட்டால் பைப்புக்குள் புதைத்த செப்புக் கேட் 6, இரு முனையிலும் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர்.

வைஃபை கேமரா வாடகை வீட்டுக்காரருக்கும், தனியாக இருக்கும் அம்மாவை வெளியூரிலிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் சரி. கடைக்கு அதை நம்ப மாட்டேன். படுக்கையறைப் பக்கம் திருப்பிவைக்கவும் மாட்டேன்.

எதை வாங்கினாலும், இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும், மாடலை அரசிடம் பதிவுசெய்வதும் கட்டாயம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அந்த மாடலுக்கு இனி ஃபர்ம்வேர் வருமா என்று ஒரு கேள்வி கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

மாட்டி முடித்த அன்று, மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் டெக்னீஷியன் முன்னாலேயே மெயினை அணையுங்கள். நான்கு கேமராவும் ஓடுகின்றனவா என்று பத்து நிமிடம் பாருங்கள். மெயினைப் போட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடப் பதிவை பிளேபேக்கில் ஓட்டச் சொல்லுங்கள். அதையே பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை, விளக்கெல்லாம் அணைத்துவிட்டுக் குடோன் கேமராவைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.